பொருள் உங்களுடையது, செய்கூலி என்னுடையது

2022 நவம்பரில் சாதாரண நிலைத் தேர்வின் கடைசித் தாளை எழுதி முடித்துவிட்டுக் கிளமெண்டி எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினேன். விடுமுறையில் பகுதிநேர வேலை தேடப் போவதாக அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். தேடினேன், கிடைத்தது. ஆனால் சம்பளம் வெள்ளியில் அல்ல, பொற்காசில். கடையும் கிளமெண்டி மாலில் இல்லை. வால்டிரக்கன் என்ற ஊரில், மூட்டையும் தராசும் இல்லாத ஒரு சந்தையில் நான் நகை செய்து விற்றுக்கொண்டிருந்தேன்.

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டைத் தெரிந்தவர்களுக்கு வால்டிரக்கன் எங்கே இருக்கிறது என்று தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2004ல் வெளிவந்த இணைய விளையாட்டு இது. ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் ஒரே நேரத்தில் உலவுவார்கள். போர் புரிவது முக்கிய வேலை என்றாலும், ஒவ்வொரு கதாபாத்திரமும் இரண்டு முதன்மைத் தொழில்களைக் கற்றுக்கொள்ளலாம். கொல்லர், தையற்காரர், மருந்து தயாரிப்பவர் என்று பட்டியல் நீளும். நகைத் தொழில் 2007ல் சேர்க்கப்பட்டது. நான் அதைத்தான் எடுத்தேன். அந்த நவம்பர் மாத இறுதியில் ‘டிராகன்ஃபிளைட்’ என்ற புதிய பாகம் வெளியானது. தேர்வு முடிந்த பிள்ளைகளுக்காகவே தேதி குறித்தது போல் இருந்தது.

எந்த இணைய விளையாட்டிலும் பொருள் விற்பது ஒன்று, வேலை விற்பது வேறொன்று. பொருளை ஏலக் கூடத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். வேலையை அப்படி விற்க முடியாது. வாடிக்கையாளர் தன் மூலப்பொருளைக் கொண்டு வருவார், நாம் செய்து கொடுப்போம், கூலி வாங்கிக்கொள்வோம். சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் பாட்டியின் பழைய வளையலைக் கொடுத்துப் புதுச் சங்கிலி செய்யச் சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். தங்கம் அவர்களுடையது, செய்கூலி கடைக்காரருடையது. சேதாரம் யாருடையது என்பதில்தான் காலங்காலமாகச் சண்டை. அந்தச் சண்டை எனக்கும் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கூவி விற்கும் கலை

என்னை இந்த உலகுக்கு அழைத்து வந்தவர் பெரியம்மாவின் மகன். அண்ணனுக்கு இப்போது வயது முப்பத்துமூன்று. அவர் உயர்நிலைப் பள்ளியில் படித்த காலம் ‘மேப்பிள்ஸ்டோரி’ காலம். 2005ல் தென்கிழக்காசியப் பதிப்பு இங்கே அறிமுகமானதும், வகுப்பில் பாதிப் பேர் பள்ளி முடிந்து லேன் கடைக்கு ஓடினார்களாம். கைச்செலவுக் காசு முன்கட்டண அட்டைகளாக மாறியதாம்.

அந்த விளையாட்டில் அப்போது ‘ஃப்ரீ மார்க்கெட்’ என்று ஒரு சந்தை இருந்தது. இருபத்திரண்டு அறைகள். அவற்றில் விளையாட்டாளர்களே கடை விரிப்பார்கள். முதல் அறையில், வாசலை ஒட்டிய இடம் கிடைத்தால் யோகம். பராமரிப்புப் பணி முடிந்து விளையாட்டு மறுபடி திறக்கும் நிமிடத்தில் அந்த இடத்துக்கு அடிதடி நடக்கும். “தேக்காவில் தீபாவளிச் சந்தைக்கு இடம் பிடிக்கிற மாதிரி,” என்பார் அண்ணன். கடைப் பெயருக்குச் சில எழுத்துகள்தான் இடம். ‘எஸ்’ என்றால் விற்பனை, ‘பி’ என்றால் வாங்குதல் என்று ஓர் எழுத்தில் முடித்துவிட்டு, மிச்ச இடத்தில் சரக்கின் பெயரைத் திணிக்க வேண்டும். விளம்பர வாசகம் எழுதுவதில் தமக்குக் கிடைத்த முதல் பயிற்சி அதுதான் என்று அவர் இன்றும் சொல்வார். இப்போது அவர் வேலை பார்ப்பது காப்புறுதித் துறையில்.

இந்தக் கூவல் வியாபாரம் அண்ணனின் காலத்துக்கும் முந்தியது. 1997ல் வந்த ‘அல்டிமா ஆன்லைன்’ விளையாட்டில் கொல்லர்கள் வங்கி வாசலில் நின்று வேலை கேட்டார்கள். 1999ல் தொடங்கிய ‘எவர்குவெஸ்ட்’டில் முறையான சந்தை எதுவும் இல்லை. ஆகவே விளையாட்டாளர்கள் தாங்களாகவே ஒரு சுரங்கப் பாதையைத் தேர்ந்தெடுத்து, அங்கே கூடிக் கூவத் தொடங்கினார்கள். யாரும் திட்டமிடவில்லை. போக வர வசதியான இடத்தில் ஆள் சேர்ந்தது, ஆள் சேர்ந்த இடத்தில் வியாபாரம் சேர்ந்தது. நம் ஊர்ச் சந்தைகள் உருவான கதையும் ஏறக்குறைய இதுதானே.

அந்த ‘எவர்குவெஸ்ட்’ உலகைப் பற்றி எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்ற பொருளியல் பேராசிரியர் 2001ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். விளையாட்டாளர்கள் விளையாட்டுப் பொருள்களை உண்மைப் பணத்துக்கு ஏலம் விட்ட விலைகளைக் கொண்டு அவர் கணக்குப் போட்டார். அந்தக் கற்பனை நாட்டின் தலைக்குரிய உற்பத்தி ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடையே வந்து நின்றது. பொருளியல் பாடம் எடுக்கும் மாணவர்கள் தேடிப் படிக்கலாம். ஆய்வுக் கட்டுரைக்கு இவ்வளவு சுவை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பெயர் பொறித்த வேலைப்பாடு

‘ராக்னராக் ஆன்லைன்’ விளையாட்டில் கொல்லர் செய்யும் வாளில் அவருடைய பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த வாள் பத்துக் கை மாறினாலும் பெயர் மாறாது. ‘வார்கிராஃப்ட்’டிலும் இப்படித்தான்; நான் செய்த ஒவ்வொரு மாலையின் அடியிலும் என் கதாபாத்திரத்தின் பெயர் இருந்தது. செய்தவர் யார் என்பது தெரிந்தால் விளம்பரம் தானாக நடக்கும். பழுது வந்தால் பழியும் தானாக வரும்.

தொடக்கக் காலத்தில் இந்த விளையாட்டில் வேலை கொடுப்பது ஒரு நம்பிக்கைப் பரீட்சை. மந்திரம் ஏற்றுபவர்களுக்கு மட்டும் நல்ல ஏற்பாடு இருந்தது. பரிமாற்றப் பெட்டியின் அடியில், கை மாறாத ஒரு தனிக் கட்டம் உண்டு. வாடிக்கையாளர் தன் வாளை அதில் வைப்பார். மந்திரக்காரர் வேலையை முடிப்பார். வாள் உரியவரை விட்டுப் போகவே போகாது. ஆனால் கவசமோ நகையோ செய்ய வேண்டுமென்றால், பல நாள் சேர்த்த மூலப்பொருளை முன்பின் அறியாதவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவர் அப்படியே விளையாட்டை விட்டு வெளியேறிவிட்டால் போனது போனதுதான். “நான் இருமுறை ஏமாந்தேன்,” என்று அண்ணன் சொல்லும்போது இன்னமும் அந்தக் கோபம் தெரியும்.

‘டிராகன்ஃபிளைட்’ இதற்கு வழி செய்தது. வாடிக்கையாளர் மூலப்பொருளையும் கூலியையும் சேர்த்து ஓர் ஆர்டராக அனுப்பலாம். கைவினைஞர் பொருளை எடுத்துக்கொண்டு ஓட முடியாது. செய்தபின் கூலி தராமல் வாடிக்கையாளரும் நழுவ முடியாது. ஆர்டரை யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி பொதுவில் விடலாம். குறிப்பிட்ட ஒருவர் பெயருக்கும் அனுப்பலாம்.

அப்படியானால் கூவ வேண்டிய தேவை தீர்ந்திருக்க வேண்டுமே? தீரவில்லை. நகைகளுக்கு ஐந்து தரங்கள் உண்டு. அறிமுகமான காலத்தில், பொது ஆர்டரில் இந்தத் தரம்தான் வேண்டும் என்று கேட்க வழியில்லை. ஒரு கைவினைஞர் எடுக்கக்கூடிய பொது ஆர்டர்களுக்கும் வரம்பு இருந்தது. ஆகவே உயர்ந்த தரம் வேண்டியவர்கள் நல்ல கைவினைஞரைத் தேடினார்கள். கைவினைஞர்கள் உரையாடல் தடத்தில் தங்களை அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். ‘எல்எஃப்டபிள்யூ’, அதாவது வேலை தேடுகிறேன் என்பதன் சுருக்கம். நாங்கள் வேலை தேடுபவர்கள்தாம், முதலாளிகள் அல்லர்.

கூவுவதற்கு நேரம் காலம் உண்டு என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இந்த வட்டாரத்து விளையாட்டாளர்கள் பலர் சேரும் சர்வர்களில் பெரும்பான்மையோர் ஆஸ்திரேலியர்கள். டிசம்பரில் சிட்னி நம்மைவிட மூன்று மணி நேரம் முந்தியிருக்கும். நான் இரவுச் சாப்பாடு முடித்து ஒன்பது மணிக்குக் கடை திறந்தால், அங்கே நள்ளிரவு. சந்தை கலைந்திருக்கும். மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்தால் கூட்டம் அப்போதுதான் கூடத் தொடங்கும். வாராந்தர வாய்ப்புகள் நம் நேரப்படி செவ்வாய் இரவு புதுப்பிக்கப்படுவதால் புதன்கிழமை பிற்பகல் பொன்னான நேரம். அந்த விடுமுறையில் எந்தப் புதன்கிழமையும் நான் தோழிகளோடு படம் பார்க்கப் போகவில்லை.

ஒரு செய்தியில் 255 எழுத்துக்குறிகளுக்குமேல் செல்லாது. முதலில் நான் எழுதியதெல்லாம் பழைய திரைப்படச் சுவரொட்டி மாதிரி இருந்தது: மலிவு, விரைவு, சிறப்பு, வாருங்கள் வாருங்கள். யாரும் வரவில்லை. பக்கத்தில் ஒருவர் நகையின் பெயர், தரம், கூலி, “இப்போது வால்டிரக்கனில் இருக்கிறேன்” என்ற நான்கே தகவல்களைப் போட்டு வரிசையாக ஆர்டர் வாங்கிக்கொண்டிருந்தார். நானும் அப்படியே மாற்றினேன். நிமிடத்துக்கு ஒருமுறை கூவுவதையும் நிறுத்தினேன். தொல்லை என்று ஆள்கள் நம் பெயரை முடக்கிவிட்டால் பிறகு எவ்வளவு நல்ல விளம்பரம் போட்டாலும் அவர்கள் கண்ணில் படாது. “தேங்க்ஸ் ப்ரோ” என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது எழுதினார்கள். நான் ப்ரோ இல்லை என்று யாரையும் திருத்தவில்லை.

கூலி நிலையாக இருக்கவில்லை. முதல் வாரங்களில் ஒரு மாலைக்குப் பத்தாயிரம் பொற்காசு தயங்காமல் கொடுத்தார்கள். தொழிலில் தேர்ச்சி பெற்றவர்கள் பெருகப் பெருக, ஜனவரிக்குள் அது ஆயிரம், இரண்டாயிரம் என்று இறங்கியது. சிலர் ‘கூலி உங்கள் விருப்பம்’ என்று போட்டுச் சந்தையையே கெடுத்தார்கள். (அப்படித்தான் அன்று நினைத்தேன். அவர்களுக்குத்தான் அதிக ஆர்டர் வந்தது.)

‘உறுதி’ என்ற ஒரு சொல்

அந்த மாதங்களில் எல்லாரும் தேடிய நகை ‘எலிமெண்டல் லேரியட்’ என்ற கழுத்து மாலை. அதைச் செய்ய ‘ஸ்பார்க்’ எனப்படும் தீப்பொறி ஒன்று வேண்டும். அதை விலைக்கு வாங்க முடியாது. அவரவர் விளையாடித்தான் பெற வேண்டும். அதுவும் அடிக்கடி கிடைக்காது. ஆகவே ஒரு மாலைக்கான ஆர்டர் என்பது ஒருவரின் பல நாள் உழைப்பு.

என் தேர்ச்சிக்கு நான்காம் தரம் நிச்சயம். ஐந்தாம் தரம் ‘இன்ஸ்பிரேஷன்’ என்ற அதிர்ஷ்டம் கைகொடுத்தால்தான் வரும். ஆனால் போட்டியாளர்கள் எல்லாரும் ‘ஐந்தாம் தரம் உறுதி’ என்று கூவிக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் ஆர்டர் வராது என்று தோன்றியது. ஒரு நாள் நானும் ‘உறுதி’ என்று சேர்த்தேன். அன்று மூன்று மாலைகள் செய்தேன். மூன்றும் ஐந்தாம் தரத்தில் வந்தன. அதிர்ஷ்டம் திறமையைப் போலவே வேடம் போட்டுக்கொண்டு வரும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

சாதாரண நிலைத் தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில் நான்காவது ஆர்டர் வந்தது. பெயருக்கு அனுப்பும் ஆர்டரில் குறைந்தபட்சத் தரத்தைக் குறிப்பிடலாம். அவர் குறிப்பிடவில்லை. என் விளம்பரத்தில் இருந்த சொல்லை நம்பியிருந்தார். நான் செய்தேன். நான்காம் தரம் வந்தது.

விளையாட்டின் விதிப்படி நான் அப்படியே ஒப்படைத்திருக்கலாம். கூலி தானாக வந்து சேரும். அவர் என்னைத் திட்டலாம். நான் அவர் பெயரை முடக்கலாம். என்னைக் கேட்க யாரும் இல்லை. அறையில் விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அண்ணனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். அவர் எழுதிய பதில்: “உன் பெயர் அந்த மாலையில் இருக்கிறதா இல்லையா?”

ஒப்படைத்துவிட்டு, அந்த ஆளுக்கு உண்மையை எழுதினேன். உறுதி என்று போட்டது தவறு, ஐந்தாம் தரம் எனக்கு நிச்சயமில்லை, மறுஆக்கம் செய்து தருகிறேன், கூலி வேண்டாம் என்றேன். மறுஆக்கத்துக்குத் தீப்பொறி மறுபடி தேவையில்லை. மற்ற மூலப்பொருள்களில் சந்தையில் கிடைப்பவற்றை நானே வாங்கினேன். முதல் மறுஆக்கத்தில் நான்காம் தரம். மறுபடி வாங்கினேன். இரண்டாவது மறுஆக்கத்தில் ஐந்தாம் தரம் வந்தது. இரு வாரச் சேமிப்பு போய்விட்டது. அவர் “ஓகே” என்று மட்டும் எழுதினார். நன்றியை எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த நாளிலிருந்து என் விளம்பரம் மாறியது: ‘நான்காம் தரம் நிச்சயம். ஐந்து வராவிட்டால் மறுஆக்கச் செலவு என்னுடையது.’ ஆர்டர்கள் பாதியாகக் குறைந்தன. வந்தவர்கள் மட்டும் மறுபடி வந்தார்கள். 2024ல் வெளியான அடுத்த பாகத்தில் நிறுவனமே ‘இன்ஸ்பிரேஷன்’ முறையை எடுத்துவிட்டது. சேமித்து வைத்த கவனத்தைச் செலவழித்துத் தரத்தை உயர்த்தும் வழி இப்போது வந்துவிட்டது. அதற்குள் நான் கடையை மூடியிருந்தேன்.

பொற்காசு வெள்ளியாகும் இடம்

இதில் உண்மைப் பணம் எங்கே வருகிறது என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. 2015 முதல் இந்த விளையாட்டில் ‘டோக்கன்’ ஒன்று விற்கப்படுகிறது. பணம் உள்ளவர் 20 அமெரிக்க வெள்ளிக்கு அதை நிறுவனத்திடம் வாங்கி, சந்தையில் பொற்காசுக்கு விற்பார். பொற்காசு உள்ளவர் அதை வாங்கி முப்பது நாள் சந்தாவாக மாற்றிக்கொள்வார். நகை செய்து சேர்த்ததில் இரண்டு மாதச் சந்தாவை நானே கட்டினேன். அனுமதிக்கப்பட்ட வழி அதுதான். பொற்காசைத் தனியாருக்கு வெள்ளிக்கு விற்றால் கணக்கு முடக்கப்படும். 2022 ஜனவரியில், பல சர்வர்களில் ஆள் வைத்துச் சேவை விற்ற பெரிய அமைப்புகளையும் நிறுவனம் தடை செய்தது. தனி ஆள் தன் சேவையைப் பொற்காசுக்கு விற்பதற்குத் தடை இல்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். என்எஃப்டி எனும் மின்னிலக்கப் பொருள் ஒன்றின் விற்பனையைத் தடுத்து, அதைச் சொத்தாகக் கருதி 2022ல் நம் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைக் கேள்விப்பட்டு என் மாலைகளும் என் சொத்து என்று நினைத்தேன். விளையாட்டில் சேரும்போது நாம் படிக்காமல் ஒப்புக்கொள்ளும் விதிமுறைகளைப் பின்னர் படித்துப் பார்த்தேன். கணக்கும் பொருளும் பொற்காசும் நிறுவனத்தின் உடைமை. நமக்கு இருப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே.

என் தோழி ஒருத்தி வேறொரு விளையாட்டில் அரிய பொருள் ஒன்றை வாங்க, டிஸ்கார்டில் அறிமுகமானவருக்கு ‘பேநவ்’ வழி அறுபது வெள்ளி அனுப்பினாள். பணம் போன மறு நிமிடம் அந்தக் கணக்கு காணாமல் போனது. வீட்டில் சொல்லப் பயந்து மூன்று வாரம் மறைத்தாள். அதே காலத்தில் எனக்கு வந்த செய்தி வேறு மாதிரி: “பொற்காசு விற்கிறோம், பணத்தை உன் வங்கிக் கணக்கில் வாங்கிக் கொடு, பத்து விழுக்காடு உனக்கு.” பதினாறு வயதில் இது வேலை வாய்ப்பு போலத்தான் தெரிந்தது. அண்ணன் திரையைப் பார்த்ததும் மடிக்கணினியை மூடிவிட்டார். வங்கிக் கணக்கையோ சிங்பாஸ் விவரங்களையோ இப்படிப் பிறருக்குக் கொடுப்பவர்களைத் தண்டிக்கும் சட்டம் 2024 பிப்ரவரியிலிருந்து இன்னும் கடுமையாகியிருக்கிறது. எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்புவது கடினம். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழைத்துக் கேட்கலாம். என் தோழி ஏமாந்த காலத்தில் இந்த 1799 எண் இருக்கவில்லை.

இப்போது நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு மாணவி. விளையாடுவது குறைந்துவிட்டது. பெரியம்மா தேக்கா நிலையத்தின் மேல் தளத்தில் ரவிக்கை தைக்கும் கடை ஒன்றில் இருபது ஆண்டுகளாக வேலை செய்தவர். சென்ற ஆண்டு முதல் கிளமெண்டி வீட்டிலேயே தைக்கிறார். துணி வாடிக்கையாளருடையது, கூலி அவருடையது. கரோசலிலும் வாட்ஸ்அப்பிலும் போட விளம்பரம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்.

உணவு மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து எழுதினேன். என்னென்ன தைப்பார், கூலி எவ்வளவு, வீடு எந்தப் புளோக், எந்த நேரத்தில் வரலாம். “மூன்றே நாளில் உறுதின்னு போடு பாப்பா, எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க,” என்றார். நீங்கள் மூன்று நாளில் முடிப்பீர்களா என்று கேட்டேன். யோசித்தார். “லைனிங் வச்சது ஆகாது. கை வேலை இருந்தா ஆகவே ஆகாது.”

சாதாரண ரவிக்கைக்கு ஐந்து நாள், மற்றவை துணியைப் பார்த்துச் சொல்லப்படும் என்று எழுதினோம். அளவு தவறினால் பிரித்துத் தைப்பதற்குக் கூலி இல்லை என்ற வரியைப் பெரியம்மாவே சேர்க்கச் சொன்னார். கடைசியாக, தீபாவளிக்கு மூன்று வாரத்துக்குமுன் ஆர்டர் நிறுத்தப்படும் என்று நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, என் கையிலிருந்த பேனாவை வாங்கி ‘மூன்று’ என்பதை அடித்து ‘நான்கு’ என்று திருத்தினார்.